வலது பக்கத்தில் ஒரு காலி இடம்

எமிக்கு வாய் அதிகம் என்று இன்றைக்கு சிகந்திராபாத் சைனிக்புரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத கர்ப்பிணிப் பெண் ஒருத்தி நின்றால் போதும், நேராகப் பக்கத்தில் போய், "கால் வீங்கியிருக்கே, பிபி பாத்தீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவாள். தமிழ் புரியாவிட்டால் தெலுங்கில் கேட்பாள், அதுவும் எடுபடாவிட்டால் இந்தியில். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு மாமியார்க்காரி நடுத்தெருவில் நிற்க வைத்து, உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்று கத்தியே விட்டாள். எமி நகரவில்லை. மருமகளை ஆட்டோவில் ஏற்றிவிட்ட பிறகுதான் தன் பஸ்ஸைப் பிடித்தாள்.

இதே எமி ஒரு காலத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதற்கென்றே சம்பளம் வாங்கினவள் என்றால் நம்புவீர்களா? வாங்கினாள். அதுவும் ஆசைப்பட்டு, கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

அவர்கள் சிகந்திராபாத்திலேயே ஊறிப்போன தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா ஏனோக் ரயில்வேயில் இருந்தார். எமி கல்லூரியில் படிக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அம்மா மெட்டில்டா சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட டீச்சர். எமி சமூகவியல் எம்.ஏ. முடித்துவிட்டு, சைனிக்புரியில் ஒரு ரிட்டயர்ட் மேஜர் வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்திருந்த சிறிய ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தாள். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளிடம் கேள்வித்தாள் நிரப்புகிற வேலை. கால், முகம் வீங்குகிறதா? விடாத தலைவலி உண்டா? கண் முன்னால் ஏதாவது பறக்கிறதா? மேல்வயிறு வலிக்கிறதா? ஆம், இல்லை என்று டிக் அடிக்க வேண்டும். மூன்று வருஷம் அதையே கேட்டுக் கேட்டு, தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் அந்த அபாய அறிகுறிகளை வரிசையாக ஒப்பிக்கிற அளவுக்கு அவளுக்குள் அது இறங்கியிருந்தது.

அந்த வருஷங்களில் ஹைதராபாதில் வெளிநாடு போகாதவனைப் பார்ப்பதே அபூர்வம். தெருவுக்கு நாலு பேர் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார்கள். சர்ச்சில் ஞாயிறுதோறும் யாராவது ஒரு பையன் எழுந்து நின்று விசா கிடைத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லுவான். எமிக்கும் போக ஆசை, ஆனால் அவள் படித்தது கம்ப்யூட்டர் இல்லை. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில், ஏழைப் பெண்கள் நோய் வந்தால் எப்போது, எங்கே வைத்தியத்துக்குப் போகிறார்கள் என்பதைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு இருந்தது. முழுச் செலவும் அவர்களே ஏற்றுக்கொள்வார்கள். வருஷத்துக்கு ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆளாகத் தான்தான் இருக்க வேண்டும் என்று எமிக்கு வெறியே பிடித்திருந்தது, வேறு வார்த்தை இல்லை.

அமீர்பேட்டில் ஜாவா சொல்லிக்கொடுக்கிற கடை ஒன்றின் மாடியில் ராகவேந்திரா என்பவர் வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார். ஓசூர்ப் பக்கத்து ஆள், நேர்மையானவர். அவர் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழிப்பார். இடது பக்கம் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது. வலது பக்கம் உன்னிடம் என்ன இருக்கிறது. இரண்டும் வரிக்கு வரி பொருந்தினால்தான் மேலே பேசுவார். 2007 மார்ச்சில் எமிக்கும் அப்படியே கோடு கிழித்தார். மதிப்பெண் பொருந்தியது, ஆங்கிலம் பொருந்தியது. ஒரே ஒரு வரியில் வந்து பேனா நின்றுவிட்டது.

"சில குடும்பங்களோட நீண்ட காலம் கூடவே இருந்து, குறுக்கிடாம கவனிச்ச அனுபவம் வேணும்னு கேக்கறாங்க. உங்ககிட்ட இருக்கறது கேள்வித்தாள்தான்."

"மூணு வருஷம் செஞ்சிருக்கேன் சார்."

"முப்பது வருஷம் செஞ்சாலும் அது வேற முறை, இது வேற முறைம்மா. கதவைத் தட்டி டிக் அடிக்கறதும் கூட உக்காந்து பாக்கறதும் ஒண்ணுன்னு அவங்க ஒத்துக்க மாட்டாங்க."

"அப்போ நான் என்னதான் பண்றது?"

"இந்தத் தெருவுல காசு குடுத்தா எந்த அனுபவத்துக்கும் லெட்டர் அடிச்சுத் தருவாங்க. என்கிட்ட அந்தப் பேச்சே கிடையாது. இல்லாததை எழுதாதீங்க. நிஜமாவே செஞ்சுட்டு வந்து எழுதுங்க. டிசம்பர் வரைக்கும் டைம் இருக்கு." வலது பக்கத்தில் அந்த இடத்தை அவர் காலியாகவே விட்டார்.

அவர் நல்லதைத்தான் சொன்னார், அதில் குற்றம் காண முடியாது. எமி அந்தத் தாளைக் கொண்டுபோய்த் தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள். தினமும் துணி எடுக்கும்போது அந்தக் காலி இடம் கண்ணில் படும்.

அதிர்ஷ்டம் என்றுதான் அன்றைக்கு அவள் நினைத்தாள்: அவளுடைய ஆபீசிலேயே அப்படிப்பட்ட ஆய்வு ஒன்று தொடங்கியது. கச்சிபௌலியில் உயர உயரமாக எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகைகளில் இருந்த கட்டடத் தொழிலாளர் குடும்பங்கள். அவற்றில் கர்ப்பிணி இருக்கிற வீடுகளுக்கு வாரம் பல தடவை போய், பிரசவம் ஆகும்வரை கூட இருந்து கவனிக்க வேண்டும். எமி கெஞ்சிக் கூத்தாடி அதற்கு மாற்றிக்கொண்டாள். ஆபீஸ் தலைவர் சுப்பிரமணியம் முதல் நாளே உட்கார வைத்து விதியைச் சொல்லிவிட்டார்.

"போ, உக்காரு, பாரு, கேளு. ஆனா புத்தி சொல்லாத. நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா அவங்க அவங்களா நடந்துக்க மாட்டாங்க, உனக்காக நடந்துக்குவாங்க. அவங்க உன்கிட்ட ஏதாவது கேட்டா, நீ என்ன நினைக்கிறன்னு திருப்பிக் கேளு."

"உயிருக்கு ஆபத்துன்னா சார்?"

"அந்த நிமிஷமே எனக்கு போன் போடு. வண்டி அனுப்பறேன். உயிரை விட ஆராய்ச்சி பெரிசில்லம்மா. என்ன, நம்ம கை பட்ட குடும்பத்தைக் கணக்குல வச்சுக்க முடியாது, அதை விட்டுருவோம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சாதாரணமாகச் சொன்னதை எமி சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டாள்.

அவளுக்குக் கொடுத்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒருத்தி பிரசவத்துக்குத் தன் ஊரான பாலமூருக்குப் போய்விட்டாள். இன்னொரு குடும்பத்தை மேஸ்திரி ராத்திரியோடு ராத்திரியாக வேறு சைட்டுக்குக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். ஆகஸ்ட் முடிவதற்குள் எமி கையில் மிஞ்சியது ஒரே வீடு, கமலத்தின் வீடு.

கமலம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். புருஷன் குணசேகரன் கம்பி கட்டுகிறவன். கொட்டகையில் சுற்றிலும் ஒரியாக்காரர்களும் பீகார்க்காரர்களும் பாலமூர்க்காரர்களும். தமிழில் வாய்விட்டுப் பேச கமலத்துக்குப் புருஷனை விட்டால் ஆள் கிடையாது. எமி வந்தால் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துபோகும். செங்கல் அடுக்கின அடுப்பில் டீ போட்டு, வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி டம்ளரை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் சொம்பில் குடிப்பாள். பிள்ளைக்கு என்ன பேர் வைப்பது, மாமியார் எப்படிப்பட்ட கஞ்சப் பிசினாறி, ஊரில் எந்தச் சினிமாவுக்கு எப்படி ஏமாற்றிவிட்டுப் போனாள், எல்லாவற்றையும் கொட்டுவாள். எமி கேட்டுக்கொண்டே இருப்பாள். கேட்பதில் அவள் கெட்டிக்காரி. அக்டோபர் தொடக்கத்தில் சுப்பிரமணியமே அவளுடைய குறிப்புகளைப் படித்துவிட்டு, "பிரமாதம், நீ அங்க இருக்கறதே தெரியல" என்று பாராட்டினார்.

அதற்கடுத்த வாரம்தான் கொலுசு விவகாரம் வந்தது. எமி போனபோது கமலம் காலை நீட்டிக்கொண்டு, கொலுசின் திருகாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க வந்து பாருங்களேன். சனியன், கழலவே மாட்டேங்குது. சதைக்குள்ள போயிருச்சு."

எமி உட்கார்ந்து, எண்ணெய் தொட்டு, மெல்லத் திருகிக் கழற்றினாள். கழற்றுகிறபோது அவளுடைய கட்டைவிரல் கணுக்காலுக்கு மேலே அழுந்தியது. விரலை எடுத்தாள். எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது. மேடாகும், மேடாகும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள், ஆகவில்லை.

"இப்படித்தான் ஆவுமாக்கா?" கமலம் அவள் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

எமி ஒரு கணம் வாயைத் திறந்தாள். பிறகு சொன்னாள்: "நீ என்ன நினைக்கிற கமலம்?"

"எங்க சின்னம்மாவுக்கும் வீங்குச்சு, பெத்ததும் வடிஞ்சுருச்சுன்னு சொல்லுவாங்க." கமலம் சிரித்தாள். "சும்மா தண்ணிதான் இருக்கும், இல்லக்கா?"

எமி கொலுசைத் துணியில் துடைத்து அவள் கையில் கொடுத்தாள். கால் வீக்கம் எல்லாருக்கும் வருவதுதான், அது ஒன்றே அபாயம் ஆகிவிடாது என்று திரும்பி வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்கூட. ஆனால் அந்த வரிசையில் அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும், அது வரக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டாள்.

சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மெட்டில்டா தட்டை அப்படியே வைத்துவிட்டாள்.

"கைக்கு டி, ஏன் சும்மா உக்காந்திருக்கே? நாளைக்கே ஆட்டோ வச்சு கூட்டிட்டுப் போயேன்."

"நக்கோ மம்மி, வேணாம். ரூல் இருக்கு. நான் கூட்டிட்டுப் போனா அந்த வீடு ஸ்டடியிலேர்ந்து போயிடும். எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான்."

"அந்தப் புள்ளைக்கு இருக்கறதும் உயிர் ஒண்ணுதானே?"

"இன்னும் கொஞ்ச நாள் மம்மி. டெலிவரி டேட் வந்துரும். அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது."

அன்றைய குடும்ப ஜெபத்தில் மெட்டில்டா, மகளின் படிப்புக்கு முன்னால், கமலம் என்கிற பெயரைச் சொல்லி ஜெபித்தாள். எமிக்குக் கோபம்தான் வந்தது, என்னவோ தன்னைக் குத்திக்காட்டுகிற மாதிரி.

அக்டோபர் கடைசியில் ஒரு மத்தியானம். விடாத மழை. எமி குடையை மடக்கிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தபோது கமலம் நெற்றியில் ஈரத்துணி போட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தாள். டீ போட எழுந்திருக்கவில்லை.

"தல பொளக்குதுக்கா. ரெண்டு நாளா. கண்ணுக்கு முன்னாடி மின்மினியாட்டம் பறக்குது. வெளக்கப் பாத்தா வெளக்கச் சுத்திப் பறக்குது."

எமி எழுந்துவிட்டாள். கேள்வித்தாளின் அந்தப் பக்கம் வரி வரியாக அவள் கண் முன்னால் நின்றது. கமலத்தின் முகத்தை இப்போதுதான் நன்றாகப் பார்த்தாள், கண்ணிமைகூட உப்பியிருந்தது. தாழ்வாரத்துக்கு வந்து, தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சுப்பிரமணியத்துக்கு போன் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லும்மா."

சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். கமலத்துக்கு முடியவில்லை, வண்டி அனுப்புங்கள். அதைச் சொன்னால் வண்டி வரும், கமலம் போவாள், கமலத்தின் வீடும் போகும். டிசம்பருக்குள் புதிதாக ஒரு குடும்பத்தைத் தொடங்கி முடிக்க முடியாது. அடுத்த வருஷம் அந்த இடம் இருக்குமோ இருக்காதோ. அலமாரிக் கதவில் ஒட்டின தாள் நினைவுக்கு வந்தது. அவ்வளவும் ஒரு மூச்சு நேரத்தில் வந்துபோனது.

"என்னம்மா? கேக்குதா?"

"ஒண்ணுமில்ல சார். மழை. ஆபீசுக்கு வர லேட் ஆகும்னு சொல்லத்தான்."

"பரவால்ல, நேரா வீட்டுக்குப் போ. உடம்பைப் பாத்துக்க."

பாவிப் பெண்! அந்த மனுஷன் அவள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய், மறுபடி பழைய இடத்தில் உட்கார்ந்தாள். கமலம் கண்ணை மூடியபடியே கையை நீட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இருக்கறது தைரியமா இருக்குக்கா" என்றாள். எமி அதையும் அன்றைய குறிப்பில் எழுதினாள்.

அதற்குப் பிறகு தலைவலி குறைந்தது போலிருந்தது. தீபாவளி முடியட்டும், திங்கட்கிழமை எப்படியும் சொல்லிவிடுவது என்று எமி தனக்கு ஒரு நாள் குறித்துக்கொண்டாள். பிரசவத்துக்கும் அதிக நாள் இல்லை. அதற்குள் தானாக வலி எடுத்துவிட்டால் எல்லாமே நல்லபடியாக முடிந்துவிடும், யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இப்படிக் கணக்குப் போட்டு மனதை ஒரு வழியாகத் தூங்கவைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் கமலத்துக்கென்று ஒரு டப்பா லட்டு வாங்கிக்கொண்டு போனாள். கொட்டகை வாசலில் வெடித்த பட்டாசுக் காகிதம் மழையில் ஊறிக் கிடந்தது. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பக்கத்துக் கொட்டகை ஒரியாக்காரப் பெண் அவளைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த இந்தியில், எமிக்குத் தெரிந்த இந்தியில், விஷயம் வெளியே வந்தது. தீபாவளிக்கு மறுநாள் விடிகாலை கமலத்துக்கு வலிப்பு வந்திருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது. குணசேகரன் செங்கல் ஏற்றுகிற டெம்போவில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறான். போய்ச் சேர்வதற்குள் தாயும் இல்லை, வயிற்றில் இருந்த பிள்ளையும் இல்லை.

எமி லட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த ரோட்டில் போய்க்கொண்டிருந்தன.

சுப்பிரமணியம் செய்தி கேட்டு ஆடிப்போய்விட்டார். "முன்னாடி ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றாள். அவர் நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்குக் காரணம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, விதிப்படி கடைசிப் பேட்டி ஒன்று பாக்கி இருக்கிறது, முடியுமானால் எடுத்துவிடு, இல்லாவிட்டால் வேறு யாரையாவது அனுப்புகிறேன் என்றார். ஆய்வின் கணக்கில், பிரசவத்திலோ மரணத்திலோ முடிந்த குடும்பம், முடிந்த குடும்பம்தான். யாருடைய கையும் படாத குடும்பம். ராகவேந்திராவும் அந்த வாரம் போன் செய்து, "என்னம்மா, அந்த வரி நிரம்பிடுச்சா?" என்று கேட்டார். "நிரம்பிடுச்சு சார்" என்றாள் எமி. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

குணசேகரன் ஊருக்குப் போய்க் காரியங்களை முடித்துவிட்டு நவம்பர் கடைசியில் திரும்பி வந்தான். வேலைக்குத் திரும்பாவிட்டால் மேஸ்திரி சும்மா விடுவானா? எமி போனபோது அவன் கொட்டகைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து, பாயை உதறிப் போட்டான். அந்தக் கண்ணாடி டம்ளரைத் தேடி எடுத்துக் கழுவித் தண்ணீர் கொடுத்தான். ஆணியில் கமலத்தின் கொலுசு தொங்கிக்கொண்டிருந்தது.

எமி டேப் ரெக்கார்டரைப் போட்டாள். ஆய்வின் கடைசிக் கேள்வி அது. அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இத்தனை மாதமும் நடந்தது. அவள் வாய் அதைத் தானாகவே கேட்டது.

"முடியலன்னு தெரிஞ்சப்ப ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல?"

"போலாம்னுதான் மேடம் இருந்தேன்." அவன் குரலில் கோபமே இல்லை. "தீவாளிக்கு மொத வாரமே மேஸ்திரிகிட்ட லீவு கேட்டு வாங்கிட்டேன். அவதான் வேணாம்னுட்டா. 'அக்கா வந்து வந்து பாத்துட்டுப் போறாங்க. படிச்சவங்க. காலத் தொட்டுப் பாத்தாங்க, தலவலின்னப்பவும் பக்கத்துலயே இருந்தாங்க. ஒண்ணுமே சொல்லல. ஏதாச்சும் இருந்தா அக்கா சொல்லாமலா இருப்பாங்க'ன்னா. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு மேடம்."

ரெக்கார்டர் சுற்றிக்கொண்டிருந்தது. விதிப்படி இப்போது அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைக் கேட்க வேண்டும். எமி கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

குணசேகரன் புரியாமல் பார்த்தான்.

"கால்ல குழி விழுந்தப்பவே சந்தேகம் வந்துச்சு. தலைவலின்னப்ப நிச்சயமாத் தெரியும். போன்கூட எடுத்தேன். சொல்லியிருந்தா அன்னிக்கே வண்டி வந்திருக்கும். நான் சொல்லல."

மேலே கட்டடத்தில் யாரோ கம்பியை வெட்டுகிற சத்தம் கேட்டது. அவன் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். அவள் கேட்ட அதே 'ஏன்' கேள்வியை, அவள் கேட்ட அதே மெதுவான குரலில் அவன் கேட்டான்.

"ஏன் மேடம் சொல்லல?"

அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது, சொல்லிவிட்டான். அவளுக்கும் தெரியும். எட்டு மாதமாக அலமாரிக் கதவில் ஒட்டிவைத்துத் தினமும் பார்த்த பதில்.

"வெளிநாட்டுல படிக்க இடம் கிடைக்கறதுக்காக" என்றாள் எமி.

சரியாகத்தான் கேட்டோமா என்று சந்தேகம் வந்தவனைப் போல, அவன் மரியாதையாக, குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"படிக்கவா மேடம்?" என்றான்.